கணக்கில் சேராத காராமணி

எந்தப் பள்ளிக்கூடத்திலும் பி.டி. பீரியடு பி.டி. மாஸ்டருக்குச் சொந்தமில்லை. கால அட்டவணையில் அவர் இருப்பார். வகுப்பில் கணக்கு டீச்சரோ அறிவியல் டீச்சரோ இருப்பார். மற்ற பி.டி. மாஸ்டர்கள் இந்தப் பறிமுதலை ஸ்டாஃப் ரூமில் சந்தித்தார்கள். நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சந்தித்தேன்.

“இன்னைக்கு எட்டாவது பி-க்கு மூணாவது பீரியடு உங்களோடதுதானே?” என்பாள் என் மனைவி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

“ஆமா.”

“இல்லை.”

தட்டில் ஒரு தோசை கூடுதலாக விழும். பேரம் முடிந்தது என்று அர்த்தம்.

அவள் அதே பள்ளியில் அறிவியல் டீச்சர். அவள் பர்மனென்ட், நான் கான்ட்ராக்ட். நெய்வேலியில் மனிதர்களை இப்படித்தான் இரண்டாகப் பிரிப்பார்கள் என்பதால் எங்களுடையது ஒரு வகையில் கலப்புத் திருமணம். குவார்ட்டர்ஸ் அவளுடைய வேலைக்குக் கிடைத்தது. ஆஸ்பத்திரி அட்டை அவளுடைய வேலைக்குக் கிடைத்தது. அந்த அட்டையில் எனக்கு நேரே ‘சார்ந்திருப்பவர்’ என்று அச்சடித்திருந்தார்கள். அதை மறுத்து நான் எங்கும் மனு கொடுக்கவில்லை.

பீரியடைப் பறிகொடுத்தவனுக்கு மைதானத்தில் என்ன வேலை? வாலிபாலை மடியில் வைத்துக்கொண்டு அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன். அப்படிப் பார்த்தால் எட்டாம் வகுப்பு அறிவியலை என்னைவிட அதிக முறை படித்தவன் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டான். இன்னும் பாஸாகவில்லை, அவ்வளவுதான்.

அவள் பாடம் நடத்துவதைப் பார்த்தால் முதலில் எரிச்சல் வரும். பதிலே சொல்ல மாட்டாள். பிள்ளைகள் கேட்டதைப் பிள்ளைகளிடமே திருப்பிப் போடுவாள். வாலிபாலில் அதை நல்ல ஆட்டம் என்போம். வகுப்பில் பெற்றோர்கள் அதைப் புகார் என்றார்கள். அவளுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, எந்தச் சோதனையின் முடிவையும் பார்ப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தைக் காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். “முதல்ல வாயை விடு, அப்புறம் கண்ணைத் திற” என்பாள். இரண்டாவது, ‘தெரியலை’ என்று யாரும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சொன்ன உடனே அடுத்த கேள்வி வரும்: “சரி, எப்படிக் கண்டுபிடிப்ப?”

வீட்டுக்கும் இதே சட்டம்தான். என் விசில் எங்கே என்று கேட்டால், எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்பாள். அவளுடைய கைப்பையிலேயே விசிலை வைத்துக்கொண்டு கேட்பாள்.

அந்த வருஷம் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைத் தோண்டிக் கொட்டிக் கொட்டி மலை மாதிரி எழுந்து நிற்கும் மேடு அவள் வரும் வழியில் தெரியும். அதன் மேல் மரங்கள் இருக்கின்றன.

“டீச்சர், அந்த மேட்டு மேல மரம் நிக்குதே, அதுக்கு யாரு தண்ணி ஊத்திக்கினு இருக்கா?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. லாரித் தண்ணீர் போகிறது என்றான் ஒருவன்; அவன் சித்தப்பா அந்த லாரிதான் ஓட்டுகிறாராம். கன்றாக இருக்கும்போது மட்டும் ஊற்றுவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள் என்றது இன்னொரு கோஷ்டி. விட்ட பிறகு மரம் என்ன செய்யும் என்று என் மனைவி கேட்டாள். கேள்வி கேட்ட பெண், வேர் தண்ணீரைத் தேடிக்கொண்டு கீழே போகும் என்றாள். முன் பெஞ்சிலிருந்த ஒரு குண்டுப் பையன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊற்றினால்தான் வேரே வளரும் என்பது அவன் கட்சி.

“சாப்பாடு போட்டாதானே டீச்சர் உடம்பு வளரும்? பி.டி. சாரைப் பாருங்க” என்றான், என் தொப்பையை ஆதாரமாகக் காட்டி.

வகுப்பு மொத்தமும் திரும்பி ஆதாரத்தைப் பார்த்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சார் ஒரு ஆள்தான், ஒரு ஆளை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றாள்.

அதற்குப் பிறகு என் பீரியடுகள் பல காலி. எப்படிச் சோதிப்பது என்று பிள்ளைகளே சண்டை போட்டுத் தீர்மானித்தார்கள். தொட்டியில் வளர்த்தால் வேர் வளைந்துவிடும் என்றார்கள். கண்ணாடித் தொட்டி உடையும் என்றார்கள். கடைசியில், குவார்ட்டர்ஸ் பிளாக்கில் தண்ணீர்க் குழாய் மாற்றியபோது மிஞ்சிய பிளாஸ்டிக் பைப்தான் கிடைத்தது. இடுப்பு உயரத்துக்கு ஆறு துண்டுகள். ஒவ்வொன்றையும் ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்து வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டி, அடியில் துணி போட்டு மூடி, மணல் கலந்த செம்மண்ணை நிரப்பினார்கள். விதை காராமணி. மூன்று பைப்புக்கு நீல ரிப்பன், தினமும் தண்ணீர். மூன்று பைப்புக்குச் சிவப்பு ரிப்பன், சனிக்கிழமை மட்டும் தண்ணீர். ரிப்பன் இரண்டும் என் ஸ்போர்ட்ஸ் டே பெட்டியிலிருந்து போனது. என்னைக் கேட்டா எடுத்தார்கள்?

வகுப்பில் ஐந்து குழுக்கள். ஐந்து குழுக்களும் ஐந்து பைப்பில் விதைத்தன. ஆறாவதில் அவளே விதைத்தாள். அதற்கு வந்தது சிவப்பு ரிப்பன்.

விதைப்பதற்கு முன்பே அவள் ஒன்றைச் சொல்லிவிட்டாள். பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் கம்பியை அவிழ்த்து, பைப்பைத் திறந்து, மண்ணை அலசி, வேரை நூல் வைத்து அளக்க வேண்டும். “திறந்தா செடி போயிடும். பரவாயில்லையான்னு இப்பவே சொல்லுங்க. அப்புறம் பாவம், புண்ணியம்னு வரக் கூடாது.”

பிள்ளைகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். “பாவம் டீச்சர்” என்று ஒரு குரல் வந்தது. என் குரல்தான்.

“கடைசி பெஞ்ச், எழுந்து நில்லு” என்றாள். வாலிபாலோடு எழுந்து நின்றேன். அந்த வகுப்பு அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ஹெட்மாஸ்டர் அறைக்குக் கேட்டிருக்கும்.

முளை விட்ட உடனேயே மயில்கள் வந்துவிட்டன. எங்கள் டவுன்ஷிப்பில் மயில்கள் ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் மாதிரி நடக்கும். எதையும் கொத்திப் பார்க்காமல் போகாது. அதனால் ஆறு பைப்பும் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்கட்டுக்குக் குடிபெயர்ந்தன. மேலே ஒரு பழைய வாலிபால் வலையைக் கட்டினோம். பள்ளிக்கும் வீட்டுக்கும் ஒரு தெரு தூரம்தான். தினம் ஒரு பிள்ளை வந்து நீல ரிப்பனுக்கு ஊற்றிவிட்டுப் போகும். சனிக்கிழமை எல்லோரும் வருவார்கள், முறுக்கும் தீரும்.

செடி நான்காவது இலை விட்டிருந்தபோது ஒரு நாள் காலை அவள் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடுவது என் வேலை, அவள் வேலையல்ல என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஆம்புலன்ஸுக்கு எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவரையும் குறை சொல்ல முடியாது. வண்டிக்குள் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை வந்தது. அந்த வாசனை போவதற்குள் என் கைக்குள் இருந்த அவள் கை வெறும் கையாகிவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஜோக் அடிப்பது என் வழக்கம். கூட வேலை பார்க்கும் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, “பர்மனென்ட் போயிட்டாங்க சார், கான்ட்ராக்ட் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு” என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு நானே உட்கார்ந்து அழுதது அதுதான் முதல் முறை.

மகன் ஓசூரிலிருந்து வந்து எல்லாக் காரியத்தையும் செய்தான். தன்னோடு வந்துவிடச் சொன்னான். பள்ளி முடியட்டும், பார்க்கலாம் என்றேன். அவனும் போனான். அன்று மாலை பக்கத்து வீட்டில் கொடுத்த டீயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கதவைத் திறந்தேன்.

இத்தனை களேபரத்திலும் பிள்ளைகள் கொல்லைக் கதவு வழியாகச் சத்தமில்லாமல் வந்து நீல ரிப்பன் செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றும் செழிப்பாக நின்றன. சிவப்பு ரிப்பனுக்கு அந்த வாரச் சனிக்கிழமை இன்னும் வரவில்லை. அதிலும் அவள் விதைத்த ஆறாவது, இலைகளைத் தொங்கவிட்டு நின்றது.

அது அப்படித்தான் நிற்க வேண்டும். சோதனையே அதுதான். எட்டாம் வகுப்பை அத்தனை முறை படித்த எனக்கு அது தெரியாதா? டம்ளரின் அடியில் ஆறிப்போன டீ கொஞ்சம் இருந்தது. கை தானாகச் சாய்ந்தது. கூடவே டம்ளரைக் கழுவிய தண்ணீரும் போனது.

மறுநாள் இலை நிமிர்ந்திருந்தது. இந்த ஊரில் அந்த நாட்களில் என் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தது அது ஒன்றுதான். பிறகு எப்படி நிறுத்துவது? தினமும் மாலை டீ குடித்ததும் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, டம்ளரைக் கழுவி, அந்தப் பைப்பில் ஊற்றினேன். பரீட்சை ஹாலில் இருக்கும் பிள்ளைக்கு ஜன்னல் வழியாகப் பிட்டு கொடுக்கும் அப்பனைப் போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஊற்றினேன்.

பள்ளியில் அவளுக்குப் பதிலாக ஆள் வரும்வரை அறிவியல் பீரியடை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெட்மாஸ்டர் தயங்கித் தயங்கி என்னைக் கேட்டார். வாழ்நாளெல்லாம் என் பீரியடைப் பிடுங்கியவளின் பீரியடு கடைசியில் என்னிடமே வந்து சேர்ந்தது. இப்படி வந்திருக்க வேண்டாம்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பழக்க தோஷத்தில் விசிலை ஊதிவிட்டேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னேன். நாற்காலியில் உட்கார மனம் வராமல், மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டு, பாடத்தில் எது வரைக்கும் ஆகியிருக்கிறது என்று கேட்டேன். ஒலி என்றார்கள். ரயில் தண்டவாளத்தில் காதை வைத்தால் ரயில் வருவது ஏன் முன்னாலேயே கேட்கிறது சார் என்று ஒரு பையன் கேட்டான்.

“தெரியலைப்பா” என்றேன்.

“எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வேண்டுமென்று சொல்லவில்லை, அந்த அறையில் அந்த வார்த்தைக்குப் பிறகு வரும் வார்த்தை அது, அவ்வளவுதான். சொன்ன பிறகு அவர்களே திடுக்கிட்டுப் போனார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றுமில்லாத பலகையைக் கொஞ்ச நேரம் அழித்தேன்.

புது மிஸ் மார்ச்சில் வந்தார். சின்ன வயசு, நல்ல பெண். போர்ஷன் முடிக்க வேண்டிய கவலை அவருக்கு. வந்த வாரமே பைப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதற்கு இவ்வளவு நாளா, பதிலை நான் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேனே என்றாராம். மந்தாரக்குப்பத்துப் பெண் எழுந்து, “சொல்லிடாதீங்க மிஸ், நாங்க இன்னும் திறக்கல” என்றாளாம். ஸ்டாஃப் ரூமில் அவரே வந்து என்னிடம் சொன்னார். பரீட்சைக்கு முன்னால் திறந்துவிடுங்கள் சார், பிள்ளைகள் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

எனக்கும் அவள் ஆரம்பித்தது முடிய வேண்டும் என்றுதான் இருந்தது. அவள் பாதியில் விட்ட வேலை என்று ஒன்று இருக்கக் கூடாது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் முடிப்பது என்றால் கம்பியை அவிழ்ப்பது. கம்பியை அவிழ்த்தால் ஆறாவது போய்விடும். இந்த உலகத்தில் அவள் கை வைத்து இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான். நான் வளர்வதை எப்போதோ நிறுத்திவிட்டேன், அகலத்தில் தவிர.

அதனால் தள்ளிப் போட்டேன். ஒரு சனிக்கிழமை மண்டல விளையாட்டுப் போட்டி என்றேன். அடுத்த சனிக்கிழமை எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த சனிக்கிழமை வாசலில் வந்து நின்ற பிள்ளைகளிடம் இப்போது ராகு காலம் என்று சொல்லிவிட்டேன். அறிவியல் டீச்சரின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு.

“ராகு காலம் ஒன்றரை மணி நேரந்தான் சார், மீதி நேரம்?” என்றான் குண்டுப் பையன்.

முறுக்கு டப்பாவை நீட்டினேன். அவன் எடுத்துக்கொண்டான்; சோதனையை மறக்கவில்லை.

இதற்கிடையில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளும் நெருங்கியது. குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் எஸ்டேட் ஆபீஸில் கனிவாகத்தான் பேசினார்கள். மாத முடிவுவரை இருந்துகொள்ளுங்கள் என்றார்கள். கான்ட்ராக்ட்காரனுக்கு எந்தக் குவார்ட்டர்ஸ்? மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடிப் போர்ஷன் பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, மேலே மொட்டை மாடி. கொல்லை கிடையாது.

ஒரு மாலை நான் டம்ளரோடு பின்கட்டுக்குப் போனபோது அந்தப் பெண் நீல ரிப்பன் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஐம்பதைத் தாண்டிய ஆள், எட்டாம் வகுப்புப் பெண்ணிடம்.

“மூட்டை கட்டிக்கினு இருக்கீங்களா சார்?” என்றாள், அறைக்குள் தெரிந்த அட்டைப் பெட்டிகளைப் பார்த்து.

ஆமாம், உங்கள் ஊருக்குத்தான் வருகிறேன், என்னை அங்கேயாவது பர்மனென்ட் ஆக்குவார்களா பார்க்கலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் மக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றாள்.

“அது நான் கேட்ட கேள்வி சார்.”

“எது?”

“மரத்துக்கு யாரு ஊத்துறாங்கன்னு நான்தான் கேட்டேன். டீச்சர் எனக்கு பதிலே சொல்லாம போயிட்டாங்க. நீங்களும் தொறக்காம வூட்டைக் காலி பண்ணிட்டா, நான் இன்னா சார் பண்றது?”

இந்தச் சனிக்கிழமை திறக்கலாம் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை காலை எல்லோரும் வந்தார்கள். புது மிஸ்ஸும் வந்தார். பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்து, வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்து, ஆறு பைப்பையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார்கள். துணி துவைக்கும் கல்லின் மேல் என் டீ டம்ளர் இருந்தது. அதை உள்ளே எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.

முதலில் வாயை விட வேண்டும். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். குண்டுப் பையன் கட்சி மாறவில்லை: ஊற்றியதுதான் நீளமாக வளர்ந்திருக்கும். அந்தப் பெண், ஊற்றாததுதான் என்றாள். புது மிஸ்ஸுக்கு விடை தெரியும். அதனால் அவர் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன் என்றார். என் முறை வந்தது. நான் குண்டுப் பையன் பக்கம் சேர்ந்தேன். காரணம் கேட்டார்கள். தொப்பையைத் தட்டிக் காட்டினேன். அன்றைக்கு முதல் முறையாக எல்லோரும் சிரித்தார்கள்.

நீல ரிப்பன்களைத் திறந்தார்கள். மூன்றிலும் வேர் மேலே கொத்தாக, பஞ்சுபோல, ஒரு சாணுக்குள் நின்றுவிட்டது. பிறகு சிவப்பு ரிப்பன். முதல் பைப்பின் கம்பியை அவிழ்த்து மெதுவாகப் பிரித்தார்கள். வெள்ளை நூல் போல ஒரு வேர் கீழே, கீழே, அடியில் கட்டிய துணிவரை போய், அங்கேயும் வழி தேடி வளைந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. யாரும் கத்தவில்லை. கேள்வி கேட்ட பெண் செய்தித்தாளின் மேல் மண்டியிட்டு அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உடம்பு வேற, கால் வேற போல” என்றான் குண்டுப் பையன். தோல்வியை அவன் அவ்வளவு அழகாக ஒப்புக்கொண்டதைப் பார்க்க அவள் இல்லை.

மிச்சம் ஆறாவது. கம்பியை ஒரு பையன் அவிழ்த்தான். நான் அந்த நேரத்தில் வலையைச் சரி செய்யப் போனேன். வலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பின்னால் கம்பி தரையில் விழும் சத்தம் கேட்டது. திரும்பினேன். சிவப்பு ரிப்பன் கட்டிய பைப்பில், நீல ரிப்பன் செடிகளைவிடவும் குட்டையாக, மேல் மண்ணிலேயே சுருண்டு கிடந்தது வேர். கீழே முக்கால் பைப்பு வெறும் மண்.

விசாரணை ஆரம்பமாயிற்று. அவள் பழக்கிய பிள்ளைகள். எதையும் சும்மா விட மாட்டார்கள். மழை பெய்ததா? இல்லை. சன்ஷேடிலிருந்து சொட்டியதா? ஒருவன் மேலே பார்த்தான், காய்ந்து கிடந்தது. பைப்பில் ஓட்டையா? இல்லை. மாற்றி ஊற்றிவிட்டோமா? ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். அந்தப் பெண் மேல் மண்ணை விரலால் கீறினாள். கறுப்பாக ஏதோ ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள்.

“டீத்தூள்” என்றாள்.

ஒரு தலை துவைக்கும் கல் பக்கம் திரும்பியது. பிறகு இன்னொரு தலை. அங்கே என் டம்ளர் வெயிலில் மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“டீச்சர் காபிதானே சார் குடிப்பாங்க?” என்றாள் மெதுவாக.

“ஆமாம்மா.”

குண்டுப் பையன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பக்கத்திலிருந்தவள் அவன் கையைக் கிள்ளினாள். அவன் மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு என்னை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ரொம்ப அக்கறையாக மற்ற ஐந்து வேர்களையும் அலசினார்கள்.

யாராவது கை வைத்துக் கெடுத்துவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் ஏன் சேர்க்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அதுவும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். “எழுதிக்கங்கப்பா. சார் ஊத்திட்டாருன்னு எழுதுங்க” என்றேன். சார்ட் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தது அந்தப் பெண்தான். நான் சொன்னதை எழுதவில்லை. ஆறாவது கணக்கில் சேராது, தினமும் தண்ணீர் கிடைத்திருக்கிறது என்று மட்டும் எழுதினாள். யார் ஊற்றியது என்பதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு எழுந்து வந்து ஆறாவது பைப்பின் முன்னால் உட்கார்ந்தாள்.

“கணக்குல இல்லாததுக்கு எதுக்கு சார் வேரை அளக்கணும்? மூடிடலாம்.”

மண் உதிராமல் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தார்கள். குண்டுப் பையன் கம்பியை முறுக்கினான். புது மிஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி அது தாங்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். குனிந்து ரிப்பனை நேராக்கிவிட்டார். செய்தித்தாளில் கிடந்த மற்ற ஐந்து செடிகளும் மதியத்துக்குள் வாடிவிட்டன. பிள்ளைகள் பாவம், புண்ணியம் என்று எதுவும் பேசவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். ஒப்பந்தத்தை மீறியது கடைசி பெஞ்ச் மட்டும்தான்.

மாத முடிவில் சாமான்கள் டெம்போவில் போயின. பைப்பை அதில் ஏற்ற மனம் வரவில்லை. ஸ்கூட்டரில் இரண்டு கால்களுக்கு நடுவே நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு ஓட்டினேன். இலை மூக்கில் உரசியது. டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட் அருகே ஒரு காவலாளி பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கையைக் காட்டிப் போகச் சொன்னார். கேட்டிருந்தால் என் குடும்பம் என்று சொல்லியிருப்பேன்.

மொட்டை மாடியில் சுவரோர நிழல் பார்த்து வைத்தேன். காலையும் மாலையும் ஊற்றினேன். செடிக்குத் தூவ இங்கே அடுப்புச் சாம்பல் இல்லை, காற்றில் வந்து இலையில் படியும் பவர் ஹவுஸ் சாம்பல்தான். இலைகளை ஈரத்துணியால் துடைத்தேன். முதல் வாரம் நின்றது. ஒரு பூகூட வைத்தது. பிறகு அடி இலைகள் மஞ்சளாயின. இன்னும் அதிகமாக ஊற்றினேன். ஏப்ரல் வெயிலில் மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. பரீட்சை முடிவதற்குள் தண்டு காய்ந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் வீடு இரண்டு தெரு தள்ளி. விடுமுறை விட்டதும் ஒரு மாலை சைக்கிளில் வந்து, செடி எப்படி இருக்கிறது சார் என்று கேட்டாள். மாடிக்குக் கூட்டிப்போனேன். காய்ந்த தண்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டுவிட்டுக் கம்பியை அவிழ்த்தாள். மேலே சுருண்ட வேர் கறுத்துப் பொரிந்து கிடந்தது. விரலால் கீழ் மண்ணைத் தோண்டினாள். நான் அள்ளி அள்ளி ஊற்றியதெல்லாம் அங்கேதான் போயிருந்தது.

“கீழ ஈரம் இருக்கு சார்” என்றாள். “அங்க போவத் தெரியல அதுக்கு. வேர் மேலயே நின்னுட்டுது. தெனம் ஊத்திக்கினே இருந்தீங்க இல்ல, தேடிக்கினு போற வேல அதுக்கு வைக்கல.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. ஒரு முடிவைச் சொல்லும் குரல். அவள் டீச்சர் கேட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பாள். எனக்கு வாய்வரை ஒரு ஜோக் வந்தது: தினம் ஊற்றி வளர்த்த இன்னொரு உருப்படியும் இதே மாடியில்தான் நிற்கிறது, அதையும் தோண்டிப் பார் என்று. சொல்லவில்லை. அவள் வயசுக்கு அது அதிகம். என் வயசுக்கும்தான்.

அவள் சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, மண்ணைத் தட்டி, வைத்துக்கொள்ளட்டுமா சார் என்று கேட்டாள். வைத்துக்கொள்ளச் சொன்னேன். சைக்கிள் கைப்பிடியில் கட்டிக்கொண்டு போனாள்.

பைப்பின் இரண்டு பாதிகளும் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. மாலையில் டீ போட்டு மாடிக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். இங்கிருந்து பார்த்தால் அந்த மண்மேடும் மேலே அந்த மரங்களும் தெரியும். குடித்து முடிக்கும்போது டம்ளரின் அடியில் இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறேன். எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. தெரியலை என்று வாய்விட்டுக்கூடச் சொல்லிப் பார்க்கிறேன். அடுத்த கேள்வி வரும் என்று சற்று நேரம் நிற்கிறேன்.